வழிப்போக்கர் அறையில் ஓர் அறநூல்

(சுருத பஞ்சமி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நூலுக்கென்று ஒரு திருநாள் கொண்டாடும் சமயம் நம்முடையது. கிர்நார் மலையில் தரசேன ஆசாரியரிடம் செவிவழிக் கற்றதைப் புட்பதந்தரும் பூதபலியும் ஏட்டில் ஏற்றி நிறைவு செய்த நாளே சுருத பஞ்சமி. அவர்களுள் பூதபலியார் தமிழ் வழங்கும் நாட்டிற்கு வந்தார் என்று தவளை உரை கூறுகிறது. அந்த வரலாற்றில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நமக்குப் பெருமை.

இவ்வாண்டு நம் இளைஞர்கள் ஒரு யோசனையை முன்வைத்திருக்கிறார்கள். ஆரணி, போளூர், வந்தவாசி ஆகிய ஊர்களில் உள்ள தங்கும் விடுதிகளில், அறைக்கு ஒன்றாக நம் அறநூலை வைக்கலாமே என்கிறார்கள். பெரியோர் சிலர் தயங்குகிறார்கள். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

இவ்வழக்கத்தை உலகறியச் செய்தவர்கள் கிறித்தவ அன்பர்கள். 1898 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து பாஸ்கோபெல் என்னும் சிற்றூரில், இடநெருக்கடியால் முன்பின் அறியாத இருவர் ஒரே விடுதி அறையைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. ஜான் நிக்கல்சன், சாமுவேல் ஹில் என்னும் அவ்விருவரும் ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்கும் பிரதிநிதிகள். அன்றிரவு உண்டான நட்பே, மறு ஆண்டு ஜூலைத் திங்களில் வில் நைட்ஸ் என்பவரும் சேர, கிதியோன் சங்கமாக உருப்பெற்றது. தொடக்கக் கூட்டத்திற்கு வந்தவர்கள் மூவரே. 1908 இல் மொன்டானா மாநிலத்தில் ஒரு விடுதிக்கு அவர்கள் அளித்த விவிலியப் படிகள் இருபத்தைந்து. இன்று நம் நாட்டு விடுதிகளிலும் அச்சங்கத்தார் வைத்த நூல்களைக் காண்கிறோம். ஜப்பானில் நுண்அளவைக் கருவிகள் செய்யும் தொழிலை 1934 இல் தொடங்கிய யெஹான் நுமாட்டா என்னும் பௌத்தர், 1965 இல் ஓர் அமைப்பை நிறுவிப் புத்தரின் போதனைகளை விடுதி அறைகளுக்கு அனுப்பினார்.

இவர்களெல்லாம் வணிகர்கள், தொழிலதிபர்கள் என்பதைக் கருதுங்கள். சரக்கு மூட்டையோடு அயலூரில் இராத் தங்கியவனுக்கே அந்த அறையின் தனிமை தெரியும். பட்டுச் சேலைக் கட்டுகளோடு ஊர் ஊராகச் செல்லும் ஆரணிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இது நமக்குப் புதிய அறமா? இல்லை. உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என நம் முன்னோர் தானத்தை நான்காக வகுத்தனர். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்று சிறுவர்களும் சொல்வர். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை என்னும் பெருமாட்டி, பொன்னன் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினாள். அச்சு இயந்திரம் இல்லாத காலம். ஆயிரம் முறையும் எழுத்தாணி பிடித்த கைகள் எழுதியிருக்க வேண்டும்.

இனிப் பெரியோர்களின் தயக்கத்திற்கு வருவோம். "நாம் பீடத்தில் வைத்து வணங்கும் நூல் விடுதி அறையில் கிடப்பதா? புலாலும் மதுவும் புழங்கும் இடமாயிற்றே. அதன்மேல் தேநீர்க் குவளையை வைப்பார்களே. அது ஆசாதனை ஆகாதா?" என்கிறார்கள். இது எளிதாகத் தள்ளத்தக்க கேள்வி அன்று. அறிவை அவமதிப்பது ஞானாவரணீய வினையைச் சேர்க்கும் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. ஆனால் அந்தச் சூத்திரம் அதனோடு நிற்கவில்லை. அறிந்ததை மறைப்பதும், பிறர்க்கு வழங்க மனம் வராமையும், பிறர் கற்பதற்கு இடையூறு செய்வதும் அதே வினைக்குக் காரணங்கள் என்று ஒரே மூச்சில் சொல்கிறது. அவமதிப்புக்கு அஞ்சுகின்ற நாம் மறைப்புக்கும் அஞ்ச வேண்டாமா?

இரண்டு வரலாறுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். மூடபித்ரியில் தவளை முதலிய ஏடுகள் நெடுங்காலம் பெட்டகத்துள் தரிசனத்திற்கு மட்டும் இருந்தன. அவற்றைக் காத்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆயினும் ஹீராலால் ஜெயின் பதிப்பித்த முதல் தொகுதி 1939 இல் வெளிவந்த பிறகே நாடெங்கும் உள்ளவர்கள் அதனைப் பயில முடிந்தது. இனிக் கும்பகோணத்தைப் பாருங்கள். சீவக சிந்தாமணியை இல்லத்தில் முறையாகப் படித்துவந்த நம்மவர்கள், வேறு சமயத்தவரான உ. வே. சாமிநாதையர் ஐயம் கேட்டு வந்தபோது கதவைச் சாத்தவில்லை. நம் சமய நுட்பங்களை மனமுவந்து விளக்கினார்கள். 1887 இல் சிந்தாமணி அச்சேறித் தமிழுலகின் பொதுச் செல்வம் ஆயிற்று. கொடுத்ததனால் நாம் இழந்தது ஒன்றுமில்லை.

ஆகவே நூல் வைக்கலாம் என்பது என் கருத்து. எந்த நூலை வைப்பது என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும்.

நம் ஊர் விடுதிகளில் யார் தங்குகிறார்கள்? திருமலைக்கும் பொன்னூர் மலைக்கும் வரும் யாத்திரிகர் சிலர். திருமணத்திற்குச் சேலை எடுக்க வந்த குடும்பத்தார், வியாபாரிகள், அலுவலாக வந்தவர்கள் பலர். இவர்களோடு, யாரும் விசாரிக்க மாட்டார்கள் என்பதற்காகவே அறை எடுக்கும் ஒருவரும் உண்டு. கடன் கழுத்தை நெரிக்க, வீட்டாருக்கு முகம் காட்ட அஞ்சி, ஒரு தீய முடிவோடு கதவைத் தாழிட்டுக்கொள்பவர் அவர். இப்படிப்பட்ட செய்திகளை நாம் நாளிதழில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். நூறு பேருக்கு வைக்கும் நூல் அந்த ஒருவர் கையில் அகப்படக்கூடும். அப்போது சாத்திர தானமே அபய தானம் ஆக வேண்டும்.

நாலடியார் வைக்கலாம் என்பது இளைஞர்கள் விருப்பம். பொருத்தமான நூலே. பாண்டியன் ஆதரவில் மதுரையில் தங்கியிருந்த எண்ணாயிரம் முனிவர்கள், ஓர் இரவில் விடைபெறாமல் புறப்பட்டபோது, ஆளுக்கொரு வெண்பாவைத் தம் இருக்கையின் கீழ் வைத்துச் சென்றார்கள் என்றும், மன்னன் சினந்து அவற்றை வைகையில் எறிய, நானூறு ஏடுகள் எதிர்நீந்திக் கரையேறின என்றும் கதை வழங்குகிறது. தங்கிய இடத்தில் நூலை விட்டுச் செல்லும் வழக்கத்திற்கு இதைவிடப் பழைய கதை எனக்குத் தெரியாது. எறிந்தாலும் மீண்டு வரும் என்ற துணிவையும் அது தருகிறது.

எனினும் நானூறு பாடல்களையும் அப்படியே அச்சிட்டு வைக்க வேண்டாம் என்பேன். நாலடியார் செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்றே தொடங்குகிறது. செருக்குற்றவனுக்கு அது மருந்து. உடைந்துபோனவன் நள்ளிரவில் தனியே படித்தால், எல்லாம் பொய் என்று மட்டும் எடுத்துக்கொள்வான். செல்வம் நில்லாதது போலவே வறுமையும் நில்லாது, அவமானமும் நில்லாது என்பதை உரை எடுத்துச் சொல்ல வேண்டும். அதேபோல் சல்லேகனை பற்றிய பகுதி எதுவும் அதில் வேண்டாம். அது குருவின் முன்னிலையில், நெறிமுறையோடு ஏற்கும் நோன்பு. துயரத்தில் உயிரை மாய்த்துக்கொள்வது வேறு என்பதை நாம் அறிவோம். அறையில் தனித்திருப்பவர் அறிவாரா?

கிதியோன் அன்பர்கள் தம் நூலின் முன்பக்கத்தில், அச்சம் வந்தால் எதைப் படிப்பது, துயரம் வந்தால் எதைப் படிப்பது என்று வழிகாட்டியிருக்கிறார்கள். நல்லது எங்கிருந்தாலும் கொள்வோம். நம் நூலிலும் அப்படி ஒரு பக்கம் இருக்கட்டும். அதன் அடியில் அரசின் மனநல உதவி எண்ணாகிய 14416 தடித்த எழுத்தில் இருக்கட்டும். சமய நூலில் தொலைபேசி எண்ணா என்று யாரேனும் கேட்டால், உயிரோம்பலே நம் சமயம் என்று விடை சொல்லலாம்.

இன்னும் சில. விடுதி உரிமையாளரின் இசைவு பெற்றே வைக்க வேண்டும். வேறு சமய நூல் அங்கிருந்தால் அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். அதை அகற்றிவிட்டு நம்முடையதை வைப்பது அநேகாந்தம் ஆகாது. கருவறைக்குரிய ஆகமங்களை அனுப்ப வேண்டாம். எளிய உரையோடு கூடிய ஐம்பது பாடல்கள், பெரிய எழுத்தில் போதும். நன்கொடை வேண்டுகோளும் நிர்வாகிகளின் படங்களும் கூடா. விரும்புவோர் எடுத்துச் செல்லலாம் என்று முதற்பக்கத்திலேயே அச்சிடுக. மூன்று திங்களுக்கு ஒருமுறை இளைஞர்கள் சென்று, கிழிந்தவற்றை மரியாதையோடு திரும்பப் பெற்றுப் புதியன வைக்க வேண்டும். வைத்துவிட்டு மறந்துபோவதே உண்மையான ஆசாதனை.

யார் படித்தார் என்று நமக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. நன்றிக் கடிதம் வராது. பெயர் பொறித்த கல்வெட்டும் இராது. பெறுபவர் முகம் தெரியாத தானம் இது. அத்தகைய தானத்திற்கு நம்முள் எத்தனை பேர் அணியமாக இருக்கிறோம் என்பதே இன்று இந்த அவையின் முன் உள்ள கேள்வி. முதல் ஐம்பது படிகளுக்கான செலவையும், பாடல்களைத் தெரிந்தெடுத்து உரை எழுதும் பணியையும் நான் ஏற்கிறேன். அறைகளுக்குக் கொண்டு சேர்க்கும் பணியை இளைஞர்கள் ஏற்கட்டும். பெரியோர்கள் வாழ்த்தி அனுப்புங்கள்.