தனுஷ்கோடி: கடன் சீட்டில் போனவர்கள்



தனுஷ்கோடிக்குச் சுற்றுலா போய்வந்தவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள். கூரையில்லாத தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்கள், அவற்றின் முன்னால் சங்குக் கடைகள். வேன்காரர் சொல்லும் கதையில் ராமர் வருவார், போட் மெயில் வரும், புயல் வரும். போட் மெயில் வழியாகப் போனவர்கள் யார் என்பது மட்டும் வராது. அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. எழும்பூரில் ரயிலேறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு சேரலாம். பொறியியல் சாதனைதான், மறுக்கவில்லை. அதற்கு அஞ்சலும் வணிகமும் ஒரு காரணம் என்றால், தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் தடையின்றிப் போய்ச்சேர வேண்டும் என்பது இன்னொரு காரணம். முந்தைய நூற்றாண்டில் நம் மக்கள் படகில் மன்னார்க் கரையேறி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கில்லை.

பின்னர் கணக்கு வந்தது. யாருடைய கணக்கு என்று பார்க்க வேண்டும். தொழிலாளியிடம் ஒரு தகரச் சீட்டு தரப்பட்டது. அதில் தோட்டத்தின் எண் பொறித்திருக்கும், ஆளின் பெயர் இருக்காது. அதைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் காசு கேட்கமாட்டார்கள். அந்தக் காசு பிறகு கடனாக எழுதப்படும். முதல் கொழுந்தைக் கிள்ளுமுன்பே கடனாளி! 1920களின் தொடக்கம்வரை இந்த ஏற்பாடு இருந்தது. போனவர்களில் பெரும்பான்மையோர் பறையர், பள்ளர், அருந்ததியர். கூட்டிப்போன பெரிய கங்காணிகளில் பலர் குடியான சாதியார். ஊரில் இருந்த படிநிலை கப்பலேறிப் போய், லயத்துக்குள்ளும் உட்கார்ந்துகொண்டது.

தனுஷ்கோடிக்கு முன்னால் மண்டபம் இருந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம். அம்மை குத்துவதும் உடுப்புகளைக் கிருமிநீக்கம் செய்வதும் அங்கே. தொழிலாளிகளைப் பல நாள் அடைத்துவைத்தார்கள். மேல்வகுப்புப் பயணிகளுக்கு அந்த அடைப்பு கிடையாது. நோய் வகுப்பு பார்த்துத்தான் தொற்றும்போல.

இனி 1964. அக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக ஒதுக்கினார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு புயல். பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. 115 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் எண்ணிக்கை. சீட்டு வாங்காமல் ஏறியவர்கள் அதில் சேரவில்லை என்று கூடுதலாகச் சொல்பவர்களும் உண்டு.

பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற ஊர் என்று அறிவிக்கப்பட்டது, நிலையமும் பாதையும் கைவிடப்பட்டன. 2019இல் மீண்டும் ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டியபோது பேசப்பட்டதெல்லாம் பக்தியும் சுற்றுலாவும்தான்.

ஒப்பந்தப்படி வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினார்கள். அரசு அவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. திரும்பியவர்களில் பலர் இந்த மண்ணை அன்றுதான் முதன்முதலில் பார்த்தார்கள். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் 1968இல் தொடங்கியது, மறுபடி கொழுந்துக் கூடை. அவர்களின் பேரப்பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், பூர்வீக ஊர் எது, ஆதாரம் எங்கே என்கிறார்கள். தகரச் சீட்டில் ஊர் எழுதவில்லையே, ஐயா!

சமூகவியல் படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் போங்கள். வீடுகளில் பழைய கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, தோட்டத்துப் பற்றுச்சீட்டு ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடக்கும். வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், அங்கேயே படமெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். பெரியவர்கள் இருந்தால், எந்த ஊரிலிருந்து எந்தக் கங்காணியோடு போனதாகத் தாத்தா பாட்டி சொன்னார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நாளைக்கு ஒரு பிள்ளை வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும்போது அந்தத் தாள் பயன்படும்.