57 கிலோவில் ஆர் பெரிய ஆள்?



குத்துச்சண்டையைப் பற்றிக் கதை தொடங்கினால் எங்கள் பக்கத்துத் தேநீர்க்கடைகளில் இரண்டு பெயர்தான் வரும். ஒன்று முகமது அலி, மற்றது மைக் டைசன். "அலியை டைசன் மூன்றாம் ரவுண்டிலையே விழுத்தியிருப்பான் அண்ணை" என்று ஒருவர் சொல்லுவார். "உனக்கு அலியைப் பற்றி என்ன தெரியும்?" என்று மற்றவர் கதிரையை விட்டு எழும்புவார். தேநீர் ஆறிப்போகும். கதை முடியாது.

அந்த இருவரும் ஹெவிவெயிட்காரர்கள். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வயலிலும் கடலிலும் வேலை செய்கிற ஒரு பெடியனைத் தராசில் ஏற்றிப் பாருங்கள். முள் பெரும்பாலும் ஐம்பத்தைந்துக்கும் அறுபத்தைந்துக்கும் இடையில்தான் நிற்கும். ஆகவே எங்கள் உடம்புக்கு ஏற்ற ஒரு எடைப் பிரிவைப் பற்றி இன்று கதைப்போம். அதன் பெயர் ஃபெதர்வெயிட். 57 கிலோ. ஒரு சீமெந்துப் பையும், அதற்குமேல் ஏழு கிலோவும்.

இந்த விளையாட்டில் தராசு மிகவும் கண்டிப்பானது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் இறுதிப் போட்டிக்கு வந்த பிறகு, 100 கிராம் கூடிப்போனதென்று வெளியே அனுப்பப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். குத்துச்சண்டையிலும் நிலைமை அதுதான். உடம்பைத் தராசு சமன் செய்துவிடுவதால்தான் "இந்தப் பிரிவில் ஆர் பெரிய ஆள்?" என்ற கேள்விக்கே ஒரு பொருள் வருகிறது.

உலக அளவில் ஃபெதர்வெயிட் என்றால் பழைய ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள். ஒரு பக்கம் வில்லி பெப், மறுபக்கம் சாண்டி சாட்லர். இருவரும் அமெரிக்கர். பெப் அடியில் சிக்காத ஆள். தொடக்கத்தில் 62 சண்டைகளைத் தொடர்ந்து வென்றவர். முழுக் கணக்கில் 229 வெற்றி. ஒரு சண்டையில் ஒரு குத்துக்கூட விடாமல் ஒரு ரவுண்டை வென்றார் என்றொரு கதையும் உண்டு. அது நடந்ததா இல்லையா என்று இன்றைக்கும் வாக்குவாதப்படுகிறார்கள். சாட்லர் பெப்பைவிட உயரம், கை நீளம், அடி இடி மாதிரி. 103 பேரை நொக்அவுட் செய்தவர்.

இவர்கள் நான்கு முறை மோதினார்கள். 1948 ஒக்ரோபரில் நாலாவது ரவுண்டிலேயே சாட்லர் பெப்பை விழுத்தினார். 1949 பெப்ரவரியில் பெப் 15 ரவுண்டும் நின்று புள்ளியில் வென்றார். 1950இல் பெப்பின் தோள்மூட்டு விலகியதால் வெற்றி சாட்லருக்கு. 1951இல் நடந்தது குத்துச்சண்டையா மல்யுத்தமா என்று கேட்கும்படி ஆகிவிட்டது. பிடித்தார்கள், இழுத்தார்கள், நடுவரும் சேர்ந்து விழுந்தார். அதிலும் சாட்லருக்கே வெற்றி. பிறகு நியூயோர்க் அதிகாரிகள் இருவர்மீதும் நடவடிக்கை எடுத்தார்கள்.

மூன்றுக்கு ஒன்று. அப்படியானால் சாட்லர்தானே பெரியவர்? தேநீர்க்கடைத் தீர்ப்பு அப்படித்தான் வரும். நான் பெப் பக்கம். காரணம் சொல்கிறேன். 1947 ஜனவரியில் பெப் பயணம் செய்த விமானம் விழுந்தது. முதுகெலும்பிலும் காலிலும் முறிவு. ஜூன் மாதமே திரும்ப மேடை ஏறினார் என்றாலும், பழைய பெப் திரும்பவில்லை என்பது அவரைப் பார்த்தவர்கள் பலரின் கருத்து. சாட்லர் சந்தித்ததெல்லாம் விமானம் விழுந்த பிறகு வந்த பெப்பைத்தான். அந்த உடைந்த உடம்போடு, நல்ல பலத்தில் இருந்த சாட்லரை ஒருமுறை 15 ரவுண்டு ஆட்டிவைத்தாரே, எனக்கு அந்த ஓர் இரவு போதும். நீங்கள் மெக்சிக்கோவின் சல்வடோர் சான்செஸ் பெயரைச் சொன்னாலும் மறுக்கமாட்டேன். ஆனால் அவர் 1982இல் 23 வயதிலேயே வீதி விபத்தில் போய்விட்டார். முடியாத கணக்கை எப்படிக் கூட்டுவது?

இப்ப எங்கள் நாட்டுக்கு வருவோம். 1938இல் சிட்னியில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதல் தங்கத்தை வாங்கித் தந்தவர் ஒரு குத்துச்சண்டைக்காரர். பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த பார்னி ஹென்ரிகஸ். பிரிவு, இதே ஃபெதர்வெயிட். அதன்பின் குத்துச்சண்டையில் அடுத்த தங்கம் வர 72 வருடம் சென்றது. 2010இல் டெல்லியில் மஞ்சு வன்னியாராச்சி 56 கிலோவில் வென்றார். அந்த வருடம்தான் சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கம் ஆண்களுக்கான 54, 57 கிலோப் பிரிவுகளை எடுத்துவிட்டு, நடுவில் 56 கிலோவை வைத்தது. ஆகவே ஹென்ரிகஸுக்குப் பக்கத்தில் நிறுத்தக்கூடிய ஆள் அவர்தான்.

1938இல் வந்த நாடுகள் குறைவு, மஞ்சுவுக்குத்தான் போட்டி கடினம் என்று வாதிட இடமுண்டு. ஆனால் ஊக்கமருந்துப் பரிசோதனையில் நன்ட்ரோலோன் இருந்ததாக முடிவு வந்து, தங்கம் வேல்ஸ் நாட்டு ஷோன் மக்கோல்ட்ரிக்குக்குப் போய்விட்டது. ஏட்டில் நிற்பது ஹென்ரிகஸ் பெயர். இலங்கையின் 57 கிலோவில் என் வாக்கும் அவருக்கே.

கவனித்தீர்களா, நேயர்களே? பெப்பைப் பற்றியும் ஹென்ரிகஸைப் பற்றியும் நாங்கள் இவ்வளவு சண்டை பிடிக்க முடிகிறதென்றால், எந்தத் திகதியில், எத்தனையாம் ரவுண்டில், எந்த எடையில் என்று ஆரோ ஒருவர் எழுதி வைத்ததால்தான்.

சரி, வன்னியில் ஆர்? முல்லைத்தீவைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் லாகூரில் நடந்த சவாட் போட்டியில் 55 கிலோப் பிரிவில் தங்கம் வென்றார். சவாட் என்பது பிரெஞ்சுக்காரரின் முறை, கையோடு காலும் அடிக்கும். அந்த வெற்றி பத்திரிகையில் வந்தது, ஆகவே நிற்கும். அவருக்கு முந்தியவர்களைப் பற்றிக் கேட்டால், எங்கள் கையில் என்ன இருக்கிறது? போரில் 2009 வரைக்கும் கிராமம் கிராமமாக இடம்பெயர்ந்த சனம், பிள்ளைகளையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு நடந்தது. சான்றிதழும் கேடயமும் குழுப்படமும் வீட்டுச் சுவரிலேயே இருந்துவிட்டன. பிறகு வீடும் இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், உங்கள் பாடசாலையில் கையுறை போட்டு மேடை ஏறிய பழையவர் ஆராவது இருந்தால் போய்க் கேளுங்கள். பெயர், வருடம், எடை, எதிராளி, முடிவு, இந்த ஐந்தும் போதும். தோற்ற சண்டையையும் எழுதுங்கள். இன்றைக்குப் பயிற்சி கொடுக்கிற ஆசிரியர்மார் ஒரு கொப்பி வைத்து இப்பவே தொடங்கலாம். எழுதியதை எங்கள் நிலையத்துக்கு அனுப்பி வையுங்கள், இதே நிகழ்ச்சியில் வாசிப்போம். ஆர் பெரிய ஆள் என்ற சண்டையை அதன்பிறகு பிடிப்போம்.