'டென்ஷன்' என்னும் சொல்லும் அதன் தமிழ்ச் சுற்றமும்

   

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் சாலையில், ஷிப்டு மாறும் வேளையில், ஒரு சொல் ஓயாது காதில் விழும். 'டென்ஷன்' என்பதே அச்சொல். 2010இல் ரெனோ-நிசான் கார் ஆலையும் 2012இல் டைம்லர் சரக்குந்து ஆலையும் இங்குத் திறக்கப்பெற்றன. ஏரியும் வயலுமாக இருந்த ஊர், பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் கூடும் இடமாயிற்று. பீகாரிலிருந்து வந்த இளைஞர் 'டென்ஷன் மத் லோ' என்பார். தென்மாவட்டத்து இளைஞர் 'டென்ஷன் ஆகாதப்பா' என்பார். ஒருவர் மொழியை மற்றவர் அறியார். இந்த ஒரு சொல்லை இருவரும் அறிவர்.

இதன் உறவுச் சொல்லாகிய 'டென்ஸ்' ஆங்கிலத்தில் ஒரு பெயரடை. இழுத்துக் கட்டிய, தொய்வற்ற என்பது அதன் முதற்பொருள். இழுத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையின் வழிவந்தது. இலக்கணத்தில் காலத்தைச் சுட்டும் 'டென்ஸ்' பொழுதைக் குறிக்கும் வேறோர் இலத்தீன் சொல்லிற் பிறந்தது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. பெயரடையின் சுற்றத்தை நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். 'டாட்', 'டைட்', 'ஸ்ட்ரெயின்ட்', 'ஹை ஸ்ட்ரங்' ஆகிய யாவும் இழுத்துக் கட்டிய நாணையோ கயிற்றையோ நினைவூட்டுவன. 'நெர்வஸ்' என்பதன் வேர்ச்சொல் கூட இலத்தீனில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்தது. ஆங்கிலேயர்க்கு மனக்கலக்கம் என்பது இழுபட்ட நாண்.

தமிழ் அவ்வாறு காணவில்லை. விறைப்பு, முறுக்கு ஆகிய சொற்கள் தமிழில் துன்பத்தைக் காட்டிலும் வலிமையையும் செருக்கையுமே மிகுதியும் சுட்டும். முறுக்கேறிய தோள் என்பது புகழ்ச்சி. 'முறுக்கிக்கொண்டு போனான்' என்பது அவன் செருக்கைச் சொல்வது. துன்புறும் மனத்துக்குத் தமிழர் வைத்த பெயர்கள் வேறு. பதற்றம், படபடப்பு, பதைப்பு, துடிப்பு, தவிப்பு, நடுக்கம் எனப் பெரும்பாலனவும் அசைவின் பெயர்கள். தொல்காப்பிய உரியியல் அலமரல், தெருமரல் என்னும் இரண்டிற்கும் சுழற்சிப் பொருளும், அதிர்வு, விதிர்ப்பு என்பவற்றுக்கு நடுக்கப் பொருளும் கூறும். ஆங்கிலம் நாண் இழுபடுவதைக் கண்டது. தமிழ் அது அதிர்வதைக் கண்டது. மனவிறுக்கம், மனஅழுத்தம் போன்றவை ஆங்கிலத்தைப் பார்த்துப் பிற்காலத்தில் ஆக்கியவை. அவற்றிலும் குழப்பம் உண்டு. 'ஸ்ட்ரெஸ்' என்பதற்கு மனஅழுத்தம் என்பார் சிலர். 'டிப்ரஷன்' என்னும் நோய்க்கும் அதையே எழுதுவார் வேறு சிலர். ஓய்வால் தீர்வது எது, மருத்துவம் வேண்டுவது எது என்று தெரியாமற் போகும் இடம் இது.

ஆங்கிலப் பெயரடை தமிழ்ப் பேச்சில் வேரூன்றவில்லை, பெயர்ச்சொல்லே ஊன்றியது. வந்த பின் அது தமிழிலக்கணத்துக்கு முற்றிலும் அடங்கி நடக்கிறது. டென்ஷனாக, டென்ஷனான, டென்ஷன் ஆகு, டென்ஷன் ஆக்கு, டென்ஷன் படு, டென்ஷன் ஏற்று என விகுதியும் துணைவினையும் ஏற்கிறது. 'டென்ஷன் பார்ட்டி' என ஆளையும் குறிக்கிறது. ஒரகடத்தில் அதன் முதற்பொருளும் உயிரோடிருக்கிறது. பொறி பராமரிப்போர் 'பெல்ட் டென்ஷன்' பார்ப்பர். தளர்ந்தால் பெல்ட் வழுக்கும். மிகையாக இறுகினால் பேரிங் தேயும். பாடநூல் இதனை இழுவிசை என்னும். தொழிற்கூடத்தில் அப்பெயர் வழங்குவது அரிது. காலையில் பெல்ட்டுக்குச் சொன்ன சொல்லை மாலையில் அதே தொழிலாளி தமக்குச் சொல்லிக்கொள்கிறார்.

இனி, இப்பேச்சின் உயிரான இடம். 'மேலாளர் டென்ஷன் ஆகிவிட்டார்' என்றால் அவர் சினந்தார் என்பது பொருள். 'டென்ஷனாக இருக்கிறது' என்று தொழிலாளி சொன்னால் அவர் அஞ்சுகிறார் என்பது பொருள். ஆங்கில 'டென்ஸ்' சினத்தை நேரே குறிப்பதில்லை. தமிழ்நாட்டு வழக்கே அப்பொருளை ஏற்றிற்று. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டுள் அச்சத்தையும் வெகுளியையும் தனித்தனியே வைத்தார். அச்சம் தோன்றும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கனைச் சுட்டினார். இறை என்பது தம்மை ஆள்வோர். ஆள்வோரின் வெகுளியும் ஆளப்படுவோரின் அச்சமும் இன்று ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. இதனால் சினந்தவர்மேல் பழி இல்லை. அஞ்சியவர்க்கு நாணமும் இல்லை. இருவர்க்கும் வந்தது ஒரே காய்ச்சல் போலத் தோன்றுகிறது.

தமிழில் சொல் இல்லாமையால் இச்சொல் வந்தது என்பது பிழை. 'பயமாக இருக்கிறது' என்றால் யாரைக் கண்டு என்ற கேள்வி எழும். 'அவமானமாக இருக்கிறது' என்றால் அவமதித்தவர் யார் என்று தேட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்க்கு அக்கேள்விகள் வேலைக்கு உலை வைப்பவை. டென்ஷன் எவரையும் காட்டிக் கொடுக்காது. தூய தமிழ் பேசவில்லையே என அவர்களைக் கடிவோர் இதனை எண்ணவேண்டும். அன்றியும், செய்தித்தாள்கள் எழுதும் தூய தமிழும் இதே வேலையைச் செய்வதுண்டு. 2021 டிசம்பரில், விடுதி உணவால் பலர் நோயுற்றதை அடுத்து, திருப்பெரும்புதூர்ப் பகுதிப் பெண் தொழிலாளர் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினர். இத்தகைய நாள்களில் செய்தியின் இறுதி வரி பெரும்பாலும் 'அப்பகுதியில் பதற்றம் நிலவியது' என்றே முடியும். பதறியவர் யார்? பகுதி பதறுமா?

ஆதலின் கவிஞர்கள் 'டென்ஷன்' இருந்த இடத்தில் 'பதற்றம்' என்று மாற்றி எழுதிவிட்டால் போதாது. மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாட்டுக்கு அப்பால் தரும் முப்பத்திரண்டில் விரைவு, உயிர்ப்பு, கையாறு, வியர்த்தல், நடுக்கு என்பனவும் உள. அவை உடலில் கண்டறியக் கூடியவை. வரிசையில் கார் நகரும் வேகத்துக்குக் கை எட்டாதது விரைவு. கணக்குக் குறைந்தபின் செய்வதறியாது நிற்பது கையாறு. இவ்விரண்டும் வெவ்வேறு கவிதைகள்.

இரவு ஷிப்டு முடிந்து கம்பெனிப் பேருந்தில் திரும்பும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து தாய் தொலைபேசியில் கேட்கிறாள், குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று. "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் டென்ஷன், அவ்வளவுதான்" என்கிறாள் மகள். "நீ அப்படிச் சொன்னா எனக்கு இங்க நெஞ்சு படபடங்குதுடி. யாரு என்ன சொன்னாங்க?" என்று தாய் கேட்கிறாள்.