தீர்ப்பு எழுதாத கதைஞர்



'ராஷோமோன்' என்றவுடன் அகிரா குரோசாவாவின் 1950ஆம் ஆண்டுத் திரைப்படமே நினைவில் எழும். தலைப்பும் பாழடைந்த நகர வாயிலும் ரியுனொசுகே அகுதாகவா (1892-1927) 1915இல் எழுதிய கதைக்கு உரியவை. கொலை வழக்கோ 1922இல் அவர் எழுதிய 'தோப்புக்குள்' என்னும் சிறுகதைக்கு உரியது. அதற்கு மூலமான கொன்ஜாகுத் தொகுப்பின் பழங்கதையில் கொலையே இல்லை.

'தோப்புக்குள்' கதையில் ஆசிரியர் கூற்று கிடையாது. ஏழு வாக்குமூலங்களே உள்ளன. சாமுராய் ஒருவன் மாண்டு கிடக்கிறான். 'நானே கொன்றேன்' என்கிறான் கள்வன். 'நானே' என்கிறாள் மனைவி. ஆவியேறிய பெண்ணின் வாய்வழிப் பேசும் இறந்தவனோ, தன்னைத்தானே குத்திக்கொண்டதாகச் சொல்கிறான். பழிக்கு அஞ்சிப் பொய்யுரைப்போரை நாம் அறிவோம். இங்கே மூவரும் பழியைத் தமதாக்கிக்கொள்ளப் போட்டியிடுகின்றனர்! தம்மைப் பற்றித் தாமே தீட்டிய சித்திரம் சிதையாதிருக்கக் கொலையையும் ஏற்கின்றனர். நான் இக்கதையை வியப்பது இதற்காகவே.

திரைப்படம் விறகுவெட்டியை நேர்சாட்சியாக்கி, இறுதியில் அவன் கையில் ஒரு குழந்தையையும் தந்து நம்மைத் தேற்றுகிறது. அது குரோசாவாவின் கருணை. இறந்தவன் மார்பிலிருந்து குறுவாளை மெல்ல உருவிய கை யாருடையது என்பதைக்கூட அகுதாகவா சொல்லவில்லை.