தலைமை உரை: நடப்பு வட்டியும் ஐந்தொகையும்

என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் எதிரே அமர்ந்திருக்க, இந்த நாற்காலியில் உட்காரக் கூச்சமாகவே இருக்கிறது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மாநாட்டுப் பொருளான மென்பொருள் மறுபயன்பாட்டை விரைந்து கடந்துவிடுகிறேன். 1968இல் கார்மிஷில் மெக்கில்ராய் மென்பொருளுக்கும் உதிரிபாகச் சந்தை வேண்டும் என்றது, 1976இல் பார்னஸ் நிரல்களைக் குடும்பமாகப் பார்த்தது, 1980இல் நெய்பர்ஸின் ஆய்வேடு களப் பகுப்பாய்வைப் பேசியது, 1990இல் காங் குழுவினரின் அறிக்கை. இவை உங்கள் மாணவர்களுக்கே மனப்பாடம்.

என் வழக்கு வேறு. மறுபயன்பாடு என்றதும் நிரல்வரிகளைத் தேடி ஓடுகிறோம். ஏரியான் 4இன் வழிகாட்டு நிரலை 1996இல் ஏரியான் 5இல் அப்படியே வைத்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தை அந்த நிரல் எதிர்பார்க்கவில்லை. எது மாறாது, எது மாறும் என்ற தீர்ப்பைத்தான் முதலில் எடுத்தாள வேண்டும். அதற்கு நம் துறையினர் புரட்டாத ஆதாரம் ஒன்று உண்டு: 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு தந்த அறிக்கையில் செட்டியார்களின் லேவாதேவி பற்றிய பகுதி.

நாம் கூடியிருக்கும் இந்தப் பள்ளத்தூரைச் சேர்ந்த அ.மு. முருகப்பச் செட்டியார் 1900இல் மோல்மீனில் லேவாதேவி தொடங்கினார். செட்டியார் கடைகளுக்குப் பர்மாவில் நெல் விவசாயி, மலாயாவில் ரப்பர்த் தோட்டம், வெள்ளீயச் சுரங்கம். கடன்காரர் வேறு, ஈடு வேறு, நாணயமும் வேறு. ஆனால் மேலாள், அடுத்தாள், மூன்றாண்டுத் தவணை, பேரேடு, ஐந்தொகை என்ற ஏற்பாடு கடைக்குக் கடை தொடர்ந்தது. நடப்பு வட்டியையோ கடைக்குள் முடிவு செய்யவில்லை. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நிர்ணயித்தார்கள்; கடைக்காரர் அந்த மாத வீதத்தை எடுத்துப் போட்டு வட்டி பார்த்தார். மாறுவதை மாதிரிக்கு வெளியே நிறுத்துவது என்று நாம் வகுப்பில் சொல்வது இதைத்தானே?

"ஊர்ப்பற்று, ஆய்வல்ல" என்று மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் இந்த ஒப்பீட்டைப் பற்றி முன்பு சொன்னார். அவர் புலமையில் எனக்கு ஐயமில்லை. செட்டியார்கள் மென்பொருள் எழுதினார்கள் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் நகைக்கடன், வாகனக்கடன், ஏலச்சீட்டு மூன்றுக்கும் ஒரே கடன்மாதிரி போதும் என்ற அவர் கொள்கையை ஏற்க முடியவில்லை. முதலிரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஈட்டுப் பொருளை மாற்றினால் வேலை நடக்கும். சீட்டு முரண்டு பிடிக்கும். அங்கே கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள். ஏலம் எடுக்கும்வரை தவணை கட்டிச் சேமிக்கிறார். எடுத்தபின் ஜாமீன் கொடுத்து, மீதித் தவணைகளைக் கடனாளியாகக் கட்டுகிறார். 2019 சட்டத் திருத்தம் சீட்டு நடத்துபவரின் கமிஷன் உச்சவரம்பை 5 சதவீதத்திலிருந்து 7 ஆக்கியது. எண்ணை வெளியே வைத்திருந்தால் அது ஒரு வரி வேலை. ஆள் நிலை மாறுவதை அப்படி ஓர் எண்ணாக வெளியே வைக்க முடியாது. அது மாதிரியின் நடுவிலேயே இருக்க வேண்டும்.

முதல் அமர்வில் நண்பரின் மாணவர் கட்டுரை படிக்கிறார். அவரிடம் ஒன்றே கேட்கிறேன்: ஏலம் எடுத்த மறுநாள் அந்த உறுப்பினரை உங்கள் பொது மாதிரியில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?