ஓர் இரவுக்கான யாழும் அதன் கீழே நிற்பவர்களும்

(நூற்றாண்டு இசைவிழாவுக்கான பந்தற்கால் நாட்டு வைபவத்தில், பழைய மாணவிகளான வைத்தியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பந்தற்கால் நாட்டும் நாளில் மங்கலமாக நாலு வார்த்தை பேசும்படிதான் சங்கம் எங்களைக் கேட்டது. இந்தப் பாடசாலையிலே படித்து வைத்தியர்களான நாங்கள் சிலர் கூடிக் கதைத்தோம். மங்கலத்தைப் பேசப் பலர் இருக்கிறார்கள். விபத்துப் பிரிவிலே வேலை செய்தவர்கள் பேசக்கூடியதை நாங்கள் பேசுவோம் என்று முடிவு செய்தோம். யாரும் குறை விளங்க வேண்டாம்.

நமது இசைவிழா மைதானத்தில், திறந்த வெளியில் நடக்கப்போகிறது. மேடைக்கு வலப்பக்கம் 30 அடி உயரத்தில் ஒரு மகரயாழ் எழப்போகிறது. கமுகும் மூங்கிலும் சட்டம், அதன்மேல் வண்ணத் துணி, உள்ளே மின்குமிழ்கள். தங்கைமார் வரைபடத்தை விரித்துக் காட்டியபோது எங்களுக்கு வாயடைத்துப்போனது. வழக்கொழிந்துபோன யாழைப் பழந்தமிழ் நூல்களைத் துருவி ஆராய்ந்து சுவாமி விபுலானந்தர் 1947இல் யாழ்நூலாகத் தந்தார். அந்த யாழை இரத்மலானையில், காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸிலே போகிறவர்களும் எட்டிப் பார்க்கும் உயரத்துக்கு நிமிர்த்திவிடவேண்டும் என்று பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு பாடசாலைக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

"பெண்பிள்ளைகள் எதற்கு ஏணியில் ஏறவேண்டும், கூலிக்கு ஆள் பிடித்தால் இரண்டு நாளில் முடித்துத் தருவார்களே" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்ததாக அறிந்தோம். எங்கள் பதில் தெளிவானது. பிள்ளைகளே கட்டட்டும். முடிச்சுப் போடவும், பாரத்தைக் கணக்கிடவும், உயரத்தில் நின்று நிதானமாக வேலை செய்யவும் ஒரு பெண் எங்கேயாவது கற்கத்தான் வேண்டும். இந்த மைதானத்தைவிட நல்ல இடம் அதற்குக் கிடையாது. எப்படிக் கட்டுவது என்பதைப் பற்றித்தான் எங்களுக்குச் சொல்ல இருக்கிறது.

ஓர் இரவுக்காகப் பெரிதாகக் கட்டுவது நமக்குப் புதிய வேலை அல்ல. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் தேருக்கு முதல்நாள் இரவு சப்பறம் வரும். மரமும் தடியும் கயிறுமாக உயர எழுப்பி, சோடித்து, மேளச் சமா நடக்க வீதியிலே இழுத்துவந்து, பின்னர் அவிழ்த்துவிடுவார்கள். கொழும்பிலே வளர்ந்த எங்களுக்கோ வெசாக் பந்தல்தான் முதற் பாடம். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளைத் தொட்டலங்கப் பந்தல் பார்க்க அப்பாமார் தோளிலே தூக்கிக்கொண்டு போவார்கள். வெள்ளவத்தைப் பிள்ளைகள் அதைக் கேட்டு ஏங்கி, அடுத்த வருடம் தாங்களும் போவார்கள். நடுவிலே புத்தர், சுற்றிவர ஜாதகக் கதைச் சித்திரங்கள், ஒலிபெருக்கியிலே பாட்டாகக் கதை. கதை நகர நகர அந்தந்தச் சித்திரத்துக்கு வெளிச்சம் வரும்.

அந்த வெளிச்சம் எப்படி ஓடுகிறது என்று தங்கைமார் கேட்டார்கள். பழைய பந்தல்களிலே பின்பக்கத்தில் மரத்தாலான ஓர் உருளை சுற்றிக்கொண்டிருக்கும். அதன்மேல் உலோகத் தகடுகள் அடித்திருப்பார்கள். உருளை சுற்றும்போது எந்தத் தகடு எந்தக் கம்பியைத் தொடுகிறதோ அந்த வரிசை விளக்குகள் எரியும், விட்டதும் அணையும். இப்போது அந்த வேலையை மின்னணுச் சுற்றுகள் செய்கின்றன. நாம் முன்னால் நின்று வாயைப் பிளந்து பார்த்ததெல்லாம், பின்னால் வியர்க்க வியர்க்க நின்ற சிலருடைய கைவேலை. எங்கள் பேச்சு அந்தப் பின்பக்கத்தைப் பற்றியது.

ஓர் இரவுக்கென்று கட்டும் எதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நூறு வருடம் நிற்கவேண்டிய கட்டடத்துக்கு வரைபடம், அனுமதி, பொறியியலாளர் என்று எல்லாம் தேடுகிறோம். ஓர் இரவு நிற்கவேண்டியதற்கு, "ஒரு நாளைக்குத்தானே" என்று சொல்லிவிடுகிறோம். காற்றுக்கும் மின்சாரத்துக்கும் அந்தக் கணக்குத் தெரியாது. பிற இடங்களிலே நடந்த மூன்று சம்பவங்களை இங்கே சொல்கிறோம். பயமுறுத்துவதற்கு அல்ல, ஒவ்வொன்றிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

முதலாவது, நம்மைப்போல மாணவர்களே கட்டியது. அமெரிக்காவிலே டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில், காற்பந்துப் போட்டிக்கு முன் மரக்குற்றிகளை அடுக்கிப் பெரிய சொக்கப்பனைபோல எரிப்பது 1909 முதல் வந்த வழக்கம். மாணவர்களே மரம் வெட்டி, மாணவர்களே அடுக்குவார்கள். ஒரு தொகுதி அடுத்த தொகுதிக்குக் கைமாற்றிக் கொடுத்த அறிவுதான் அவர்களுக்கு வரைபடம். 1999 நவம்பர் 18 அதிகாலை, ஏறக்குறைய 5,000 குற்றிகள் கொண்ட அந்த அடுக்கு, ஆட்கள் மேலே வேலை செய்துகொண்டிருக்கும்போதே சரிந்தது. 12 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் மாணவர்கள், ஒருவர் பழைய மாணவர். கட்டமைப்பை முறையாக வடிவமைத்து மேற்பார்வை செய்ய ஆளில்லாமற் போனதை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. "போன வருடமும் இப்படித்தான் கட்டினோம்" என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி ஆகாது.

இரண்டாவது, நமது பண்பாட்டுக்குள்ளேயே நடந்தது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூருக்கு அருகே களிமேடு என்ற ஊரிலே அப்பர் சதய விழா. சோடித்து விளக்கேற்றிய தேரை ஊரவர்கள் இழுத்து வந்தார்கள். வீதித் திருப்பத்திலே அதன் உச்சி மேலே சென்ற உயர் அழுத்த மின்கம்பியிலே பட்டது. 11 பேர் இறந்தார்கள்; சிறுவர்களும் அவர்களில் அடக்கம். கட்டுகிறவருடைய கண் கைவேலையிலே இருக்கும். அண்ணாந்து பார்க்க வேறொருவர் வேண்டும்.

மூன்றாவது, ஓர் இசைவிழாவிலே நடந்தது. 2011 ஆகஸ்ட் 13, அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கண்காட்சி மைதானம். மழைக்குமுன் வரும் பெருங்காற்று ஒன்று அடிக்க, இரசிகர்கள் காத்துக்கொண்டிருந்த இடத்திலே மேடைக் கூரை சாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள். பக்கவாட்டுக் காற்றைத் தாங்கும் கட்டுமானம் அந்த மேடைக்குப் போதவில்லை என்று பின்னர் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தபோது, நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருடையது என்பதிலே அங்கே தெளிவு இருக்கவில்லை. பலர் பலருடன் ஆலோசித்தார்கள். காற்று காத்திருக்கவில்லை.

எங்கள் தொழிலிலும் இதே சிக்கல் இருந்தது. சத்திரசிகிச்சைக் கூடத்திலே பெரிய வைத்தியர் கத்தியைக் கையிலெடுத்தபின், இளம் தாதி ஒருவர் "சேர், ஒரு நிமிடம்" என்று சொல்வது இலேசான காரியம் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2008இல் 19 கேள்விகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. மயக்கமருந்து கொடுக்குமுன் ஒரு தரம், வெட்டுமுன் ஒரு தரம், நோயாளி கூடத்தைவிட்டுப் போகுமுன் ஒரு தரம் எல்லாரும் நிற்கவேண்டும். குழுவில் உள்ளவர்கள் தம் பெயரையும் பணியையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். எட்டு நகரங்களிலே, எட்டு வைத்தியசாலைகளிலே செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகக் குறைந்திருந்தது. புது மருந்தும் இல்லை, புது இயந்திரமும் இல்லை. வாய் திறக்க எல்லாருக்கும் ஒரு நேரம் ஒதுக்கினார்கள், அவ்வளவுதான்.

ஆகவே, இந்த யாழுக்காக நாங்கள் நான்கு விடயங்களை முன்வைக்கிறோம். எல்லாருக்கும் இனிக்காது என்று தெரிந்துதான் கேட்கிறோம்.

ஒன்று, உயரம். தங்கைமாரே, 30 அடியை 18 அடியாக்குங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். இதை நீங்கள் பௌதிகவியலிலே படித்திருப்பீர்கள். உயரம் கூடக்கூட அதே விசை அடியைப் புரட்டும் பலமும் கூடும். நம் மைதானம் கடற்காற்று தாராளமாக வரும் இடம். துணியையும் விட்டுவிடுங்கள். துணி போர்த்தால் அது யாழாக இராது, பாய்மரமாகிவிடும். நரம்புகளை நூற்கயிற்றால் கட்டி, அவற்றிலே சிறு விளக்குகளைக் கோருங்கள். காற்று ஊடே போய்விடும். யாழுக்கு நரம்புதானே அழகு. எங்கள் சங்கத்திலே கட்டடப் பொறியியலாளரான ஒரு தங்கை இருக்கிறார். அவர் கணக்குப் பார்த்துக் கையொப்பமிட்ட வரைபடத்தின்படி மட்டுமே இங்கே கமுகு ஊன்றப்படவேண்டும்.

இரண்டு, மின்சாரம். வயரிங் வேலை தகுதிபெற்ற மின்னியலாளருடையது. மைதானத்துக்கென்று தனி ட்ரிப் சுவிட்ச் வேண்டும். நிலத்திலே கிடக்கும் வயர்களில் ஒட்டுப்போட்ட இடம் ஒன்றுகூட இருக்கக்கூடாது. யாருக்காவது மின்சாரம் தாக்கினால், முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அதற்குப் பிறகுதான் ஆளைத் தொடலாம். சினேகிதியை இழுக்க ஓடிய கை அடுத்த கையாகிவிடும்.

மூன்று, ஏறுகிறவர்கள். இடுப்புவார் கட்டாமல் ஆறடிக்கு மேல் யாரும் ஏறக்கூடாது. கீழே ஒருவர் ஏணியைப் பிடித்திருக்கவேண்டும். இரவு எட்டு மணிக்குப் பிறகு வேலை வேண்டாம். தூக்கக் கலக்கம் முடிச்சிலே தெரியும். காலூன்றி விழுந்த ஒருவர் "குதிக்கால் மட்டும்தான் நோகிறது" என்று சொன்னாலும் நாங்கள் முள்ளந்தண்டையும் பார்ப்போம். இரண்டும் சேர்ந்து முறிவது உண்டு. எனவே விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள். அப்படியே கிடக்கவிட்டு, கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, 1990 சுவசெரியவை அழையுங்கள். களுபோவில வைத்தியசாலை தூரமில்லை. கட்டுமான நாட்களிலும் விழா இரவிலும் எங்களில் இருவர் முறைவைத்து இங்கே நிற்போம். அதை இந்த மேடையிலேயே வாக்காகத் தருகிறோம்.

நான்காவதுதான் முக்கியமானது. இந்தப் பிள்ளைகளுக்குள் ஒருத்தியை நீங்களே தெரிவு செய்யுங்கள். அவள் கையிலே ஒரு விசில் இருக்கட்டும். அவள் காற்றையும் வானத்தையும் கட்டுகளையும் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது. அவள் விசில் ஊதினால் வேலை நிற்கவேண்டும். விழா இரவிலே ஊதினால் பாட்டு நிற்கவேண்டும். பிரதம விருந்தினர் மாலையோடு இருந்தாலும், பாடகர் ஆலாபனையின் நடுவிலே இருந்தாலும் நிற்கவேண்டும். அவள் ஏன் ஊதினாள் என்று அந்த நேரத்திலே யாரும் கேட்கக்கூடாது. சனத்தை அப்புறப்படுத்திய பிறகு கேட்கலாம். ஒன்றும் நடக்காமல் காற்று அடங்கிவிட்டால் அவளைப் பரிகசிக்கவும் கூடாது. அப்படி ஒரு தரம் சிரித்துவிட்டால், அடுத்த தரம் எந்தப் பிள்ளையும் ஊதமாட்டாள்.

அதிபர் அவர்களே, இந்த உரிமையை நீங்கள் எல்லாருக்கும் முன்னால், இந்த மேடையிலேயே அவளுக்குக் கொடுக்கவேண்டும் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறோம். தங்களுடைய அதிகாரத்துக்கும் மேலான ஓர் அதிகாரத்தை ஓர் இரவுக்கு ஒரு மாணவிக்குக் கொடுக்கும்படி கேட்பது சிறிய காரியம் அல்ல என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். நம் பெண்பிள்ளைகளுக்குப் பேசாதிருக்கக் கற்றுக்கொடுக்க வீடும் வீதியும் அலுவலகமும் வரிசையாகக் காத்திருக்கின்றன. "பொறுங்கள், இது சரியில்லை" என்று பெரியவர்கள் நிறைந்த சபையிலே சொல்லப் பழக்குகிற இடம் பாடசாலை ஒன்றுதான். நாங்கள் வைத்தியசாலைகளிலே அந்த வார்த்தையைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும், அதைச் சொல்லும் துணிவை எந்த வகுப்பறையிலே பெற்றோம் என்று எங்களுக்கு நினைவிருக்கிறது.

தங்கைமாரே, யாழ் 12 அடி குறைந்துவிட்டதே என்று மனம் வருந்தாதீர்கள். வெளிச்சம் போட்டால் நிழல் மைதானம் முழுக்க விழும். விழா முடிந்து மறுநாள் அதை அவிழ்க்கும்போதும் இதே கவனம் வேண்டும்; களைப்பும் மகிழ்ச்சியும் சேர்ந்த அந்தக் காலைப் பொழுதிலேதான் பலர் இடுப்புவாரை மறந்துவிடுவார்கள். கமுகை அடுக்கி, கயிற்றைச் சுருட்டி, எல்லாரும் எண்ணிக்கையிலே குறையாமல் வீட்டுக்குப் போனபின்தான் நம் நூற்றாண்டு விழா முடிந்தது என்று கணக்கு.

கன்னிக்கால் நாட்ட நேரமாகிறது. குழி ஆழமாக இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு நாட்டுங்கள். நம் பாடசாலை வாழ்க.