பாலாறும் நம் தோல் தொழிலும்

(வணிகர் சந்திப்பில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

தொழிலுக்கும் சமூகத்துக்கும் சுற்றுச்சூழல் மேலாண்மை ஏன் அவசியம் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. உலகம் வெப்பமாவதைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் தோல் தொழிலை வைத்தே பேசுகிறேன். அதிலும் ஒரே ஒரு பொருளைப் பற்றி: உப்பு.

முன்பு இங்கே ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்டார்கள். 1970களில், பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்டு, பொருளாகச் செய்து அனுப்பச் சொன்னது. குரோம் முறை பெருகியது. டிரம்கள் பெருகின. பணமும் வந்தது. நம் ஊர்களில் பள்ளிக்கூடம், கல்லூரி, மதரஸா என்று எதன் அஸ்திவாரத்தைத் தோண்டினாலும் தோல் பணம் இருக்கும். அதைச் சொல்ல நமக்கு வெட்கமில்லை. ஆனால் அதே டிரம்களின் கழிவுநீர்தான் பாலாற்றிலும், ஏரியிலும், பக்கத்துக் கிணறுகளிலும் இறங்கியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தொழிலால் அன்னியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் கிடைப்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதற்காக மண்ணையும் நீரையும் அழிக்க உரிமையில்லை என்றும் சொன்னது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக ஓர் ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றது இந்த வழக்கால்தான் என்று சட்டக் கல்லூரியில் நம் பிள்ளைகளே பாடம் படிக்கிறார்கள். கதை அதோடு முடியவில்லை. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்னும் சேராத இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவேண்டும் என்று மறுபடியும் உத்தரவிட்டிருக்கிறது.

இதெல்லாம் போட்டி நாட்டுக்காரன் வேலை என்று சிலர் சொல்வதுண்டு. போட்டி இருக்கலாம். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தால் தெரியும், கரிப்பு போட்டி நாட்டிலிருந்து வரவில்லை.

ஏன் உப்பைப் பிடித்துக்கொண்டேன் என்றால், மற்றவற்றுக்கு வழி கிடைத்துவிட்டது. குரோம் கலந்த நீரைத் தனியே பிடித்து, மக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோம் அடியில் படிகிறது. அதை அமிலத்தில் கரைத்து மறுபடியும் டிரம்முக்கே அனுப்பலாம். முடி, கொழுப்பு, சதை போன்றவற்றைச் சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். உப்பை எந்தப் பூச்சியும் தின்னாது. கரைந்தபடியே நம்மோடு கடைசிவரை வரும். மண்ணில் இறங்கினால் மண் இறுகி, மழைநீரைக்கூட உள்ளே விடாது. இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வு வைத்து வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து வற்றச் செய்கிறோம். மின்சாரத்துக்கும் விறகுக்கும் எவ்வளவு ஆகிறது என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்குத் தெரியும். அத்தனை செலவுக்குப் பிறகும் கையில் நிற்பது கலப்பு உப்பு மூட்டைகள். வாங்க ஆளில்லை. புதைத்தால் மழையில் கரைந்துவிடும். ஷெட்டில் அடுக்கி வைத்திருக்கிறோம்.

தேக்கி வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ராணிப்பேட்டையே சாட்சி. 2015 ஜனவரி 31 அதிகாலையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

வியாபாரக் கணக்கும் ஒன்று உண்டு. 2015 மே முதல் ஐரோப்பாவில், உடலில் படும் தோல் பொருளில் ஆறாம் நிலைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பெரிய காலணி நிறுவனங்கள் தோலை மட்டும் பார்ப்பதில்லை, தண்ணீர்க் கணக்கையும் கேட்கின்றன. ஜகாத்துக்காக நாம் பைசாவரை எழுதி வைக்கிறோம். பக்கத்து நிலத்துக்காரரின் தென்னை பட்டுப்போன கணக்கு மட்டும் நம் பேரேட்டில் இல்லை. அவர் கேன் தண்ணீர் வாங்கும் பணமும் நம் உற்பத்திச் செலவுதான், வேறொருவர் கட்டுகிறார்.

இனி நம் அறக்கட்டளை விஷயம். குர்பானித் தோல் வசூல் நமக்கு வருமானம். விலை விழுந்து கிடந்தாலும் ஏழைப் பிள்ளைகளுக்கு அதில் ஏதோ ஒன்று நடக்கிறது. ஒரு ஆட்டுத்தோலுக்கு அரைக்கிலோ உப்பு என்று வைத்தால் 1,000 தோலுக்கு அரை டன். பெரியமேட்டு மண்டிக்கு அனுப்பும் ஊருக்கு உப்பு போடாமல் முடியாது. நமக்கு அப்படியா? டிரம் நம் தெருவுக்கு இரண்டு மைல் தூரத்தில் இருக்கிறது. காலையில் உரித்த தோல் அன்றைக்கே நீரில் இறங்கினால் உப்பே வேண்டாம்.

என்ன தடை? பெருநாள் அன்று தொழிற்சாலைக்கு விடுமுறை. முதலாளியும் குர்பானியில் இருப்பார். நம் மாற்றுமதச் சகோதரர்கள் பலர் வேலையில் இருக்கிறார்கள். விருப்பப்பட்டு வருபவர்களுக்கு இரட்டைக் கூலி கொடுத்து, தொழிற்சாலைக்கு ஒரு டிரம் மட்டும் ஓட்ட முடியாதா என்று முதலாளிகளைக் கேட்கிறேன். அந்தக் கூலியில் பாதியை அறக்கட்டளை ஏற்கும். நிர்வாகக் குழுவில் பேசி முடிவெடுத்துவிட்டோம். இன்னும் சில ஆண்டுகளுக்குப் பக்ரீத் கோடையில்தான் வருகிறது. அதனால் தோல் ஐந்தாறு மணி நேரத்துக்குள் டிரம்முக்குப் போய்ச் சேரவேண்டும். காலை பத்து மணி முதல் மூன்று வண்டிகள் மஹல்லாக்களைச் சுற்றி வரும். கூடையில் குவித்து வைக்காமல் நிழலில் விரித்து வைக்கச் சொல்லி வீடுகளுக்குத் துண்டறிக்கை கொடுப்போம்.

டிரம் தர முன்வரும் முதலாளிகள் இன்று இஷா தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். இரண்டு டிரம் கிடைத்தாலும் இந்த ஆண்டே தொடங்கிவிடலாம், இன்ஷா அல்லாஹ்.